கேட் நோட்டின் ஒரு பக்கம்

சார்,

உங்கள் மேசையைக் காலி செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஹாலில் உங்கள் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்கள். அந்த வாசனை உங்கள் தலைமையாசிரியர் அறை வரைக்கும் வருகிறது. எல்லோரும் பூப் போட்டார்கள். நான் போடவில்லை.

இரண்டாவது டிராயரில், ஸ்டாம்ப் பேடுக்கு அடியில், நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள் கிடைத்தது. ஒரு பனியன் கம்பெனியின் கேட் நோட்டுப் பக்கம். அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு.

வீட்டுப்பாட ஆப் வந்த வருடம். பிளஸ் ஒன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அக்கவுண்ட் தொடங்கியது நான்தான். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைக்கிறேன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"சிப்டு முடிஞ்சு அம்மா ஊடு வந்தாத்தான் புள்ளைக்கிப் போனு கெடைக்குமுங்க டீச்சர். இருக்கற அரை மணி நேரத்துல பாஸ்வேர்டத் தேடிட்டிருப்பாங்களா? எல்லாத்துக்கும் ஒண்ணே போட்டுருங்க."

பள்ளியின் பெயர், பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. அதைச் சீட்டில் அச்சடித்து எல்லா நோட்டிலும் ஒட்டவைத்தீர்கள். அடுத்த வாரமே இணையப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய் வந்து, பிரேயரில் மைக்கைப் பிடித்து, "பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லக்கூடாது கண்ணுகளா" என்று முழங்கினீர்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளே சிரித்தார்கள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு, இயற்பியல் சாரைப் பற்றி அந்த ஆப்பின் வகுப்புக் குழுவில் ஓர் அசிங்கமான செய்தி வந்தது. பிளஸ் ஒன் கவிதாவின் பெயரில். அவள் அக்கவுண்டுக்குள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திங்கட்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் ஸ்டாஃப் ரூமில் எங்கள் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தீர்கள்.

"உங்க போனுல இருந்துதானுங்க வந்திருக்குது" என்றீர்கள்.

"அன்னைக்கு எனக்குச் சிப்டுங்க சார். காலைல கேட்டுல போனக் குடுத்தா, வேலை முடிஞ்சுதானுங்க தருவாங்க. புள்ள கையில போனே இல்லீங்க. கேட்டு நோட்டுல நேரம் எழுதியிருக்குமுங்க."

"அப்ப அதக் கொண்டாங்க, பாக்கலாம்."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன் என்பதுதான் சரி.

மூன்று நாள் கழித்து, "அந்தம்மா ஒண்ணும் கொண்டாரலீங்க, என்ன பண்றது" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு டி.சி.யில் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த வருத்தத்தை நான் நம்பினேன் சார். அதுதான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

கொண்டுவந்திருக்கிறார். அதே சனிக்கிழமை. போன் கொடுத்தது காலை எட்டரை, திரும்ப வாங்கியது இரவு எட்டு. ஓரத்தில் உங்கள் பச்சை மையில் 'பெற்றுக்கொண்டேன்', தேதி, கையெழுத்து. இதைக் காட்டியிருந்தால், வேறு யார் நுழைந்தது என்ற கேள்வியில் நோட்டுகளில் ஒட்டிய சீட்டும் விசாரணைக்கு வந்திருக்கும். உங்கள் பெயரைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பெயரை ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் வைத்துவிட்டீர்கள். கிழித்துப் போடக்கூட உங்களுக்குத் துணிச்சல் இல்லை.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, இரவு கவிதாவின் வீட்டுக்குப் போனேன். இப்போது அம்மாவின் கம்பெனியிலேயே, தைத்த பனியன்களில் பிசிறு நூல் வெட்டுகிறாள். வேலை முடிந்து வந்தவளின் தலையில் பஞ்சுத்தூசி. தாளைக் கொடுத்தேன். மறுபடி சேர்ந்து படி, நானே அழைத்துப் போகிறேன், நடந்ததை எழுதியும் தருகிறேன் என்றேன்.

தாளை இரண்டு தரம் படித்தாள். "இதுக்காக எங்கம்மா கேட்டுல ரெண்டு நாளு கெஞ்சுச்சுங்க டீச்சர்" என்றாள். சத்தம் உயரவே இல்லை.

"சாரு மறச்சாரு, சரிங்க. பாஸ்வேர்டு எல்லா நோட்டுலயும் ஒட்டியிருந்துச்சே. அதச் சொல்றதுக்கு இந்தத் தாளு வேணுமுங்களா?"

உங்களைக் கேட்க வேண்டியதையெல்லாம் இதில் எழுதிவிட்டேன் சார். அவள் கேட்டது என்னை. வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் யோசித்தேன். அன்று ஸ்டாஃப் ரூமில் நான் தலையை நிமிர்த்தியிருந்தால் போதும், இந்தத் தாளே வேண்டியிருந்திருக்காது.