போடாத மூலை முடிச்சு

9-1-1961, திங்கள்

நான் சொல்லுகிறேன், மருமகள் அஜீஸுன்னிசா எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. திண்டுக்கல்லில் எந்த வீட்டு மெத்தையில் எத்தனை ராத்தல் இலவம்பஞ்சு வைத்தேன், எந்த மாசம் வைத்தேன் என்பதெல்லாம் தலைக்குள் இருக்கிறது. போன மாசம் ஒரு மளிகைக்காரர் அதை மறுத்துப் பேசிவிட்டார். அன்றைக்கே அஜீஸு, மகன் பினாங்கிலிருந்து அனுப்பின இந்த நோட்டைக் கையில் எடுத்தாள். "நீங்க சொல்லுங்க மாமா. எழுத்துல இருந்தா எவன் மறுப்பான்?"

இன்றைக்கு ஒரு வீட்டில் மெத்தை பிரித்தேன். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு. தலைமாட்டுப் பக்கம் உறையைக் கிழித்ததும் கை நின்றுவிட்டது. பஞ்சில் கறை. காலணா அகலத்துக்குக் கறுத்த சிவப்பு. ஒன்றிரண்டு இல்லை. மேலே புதுசு, அடியில் பழசு. உள் அறையில் யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு இருமினார்கள். அந்த வீட்டம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி பஞ்சை மாத்திரணும் பாய்" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள், இப்போது அதற்கு ஊசி வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். 

மெத்தையைப் பிரித்தவன் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் மெத்தைக்காரர் சங்கத்துச் சட்டம். மெத்தைக்குள் என்னதான் இல்லை? ஒளித்து வைத்த கடுதாசி பார்த்திருக்கிறேன், ஒற்றைத் தோடு பார்த்திருக்கிறேன். பார்க்காதவன் மாதிரி வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. சீக்குப் பஞ்சை வேறு பஞ்சோடு கலக்கக் கூடாது. சங்கத் தலைவர் கண் முன்னால் எரிக்க வேண்டும். யார் வீடு என்று அவர் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

உறையின் மூலையில் இருந்த முடிச்சு அப்துல் கையூமுடையது. மூன்று சுற்று சுற்றி அடியில் மடக்குவான். அரிசிக்கு ரேசன் வந்த வருசம், அந்த அம்மாவின் கல்யாணத்துக்கு அவன் தைத்தது. அவன்தான் இப்போது சங்கத் தலைவன்.

எந்த வீடு மாமா என்று அஜீஸு கேட்கிறாள். கூப்பிட வந்த வேலைக்காரம்மாவுக்குக் கதவைத் திறந்ததே இவள்தான், தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் பேரை எழுதாதே என்றேன்.

11-1-1961, புதன்

குளத்துக் கரைக்குப் பின்னால் எரித்தோம். கையூம் குடையோடு வந்தான். உறையையும் பஞ்சையும் போட்டேன். தீப் பிடிக்கிறதுக்கு முன்னால் குடை நுனியால் உறையின் ஒரு மூலையைப் புரட்டினான். "நல்ல துணி, வீணாப் போகுது" என்றான். அப்புறம் அவன் கடையில் டீ குடித்தோம்.

நாற்பத்திரண்டு வருசப் பழக்கம். எனக்கு வந்த ஆள் தெரியாமல் அவன் கடைப்படி ஏறினால், கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போவான். என் வீட்டுக்காரி மவுத்தான அன்று அடக்கத்துக்குக் கபன் துணி வாங்க ஓடினவன் அவன்தான். நான் அழுதுகொண்டிருந்தேன்.

15-1-1961, ஞாயிறு

புது மெத்தையைக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்தன்றுதான் பிரிப்பேன் என்று அந்த அம்மா சுருட்டினபடியே பரண்மேல் வைத்தார். மூலையைத் தடவிப் பார்த்து, "உங்க முடிச்சா பாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

3-2-1961, வெள்ளி

ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி நின்றது. மெத்தையை இறக்கித் தெருவில் போட்டார்கள். நான் கட்டிக் கொடுத்த கயிறுகூட அவிழவில்லை. வேலைக்காரம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "கல்யாணம் நின்னு போச்சு. பஞ்சுல இருந்ததெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அம்மாகிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சாங்களாம். இனிமே எங்க தெருப்பக்கம் வராதீகன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் மெத்தையைச் சுற்றி ஒதுங்கி நடந்தார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

நான் சொல்லவில்லை. ரப்பு சாட்சி. நான் வாயே திறக்கலே.

5-2-1961, ஞாயிறு

இரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அது எந்த வீடென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று கதவைத் திறந்தவள். கையூமுக்குச் சீக்குப் பஞ்சு என்றுதான் தெரியும், வீடு தெரியாது. அப்புறம் யாரு?

கிணற்றடியிலே நாலு பொம்பளைங்க கூடினா வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். இல்லை மாமா என்றாள். மறுபடி கேட்டேன். குர்ஆன் மேலே கை வைக்கிறேன் என்றாள். வேண்டாம், செஞ்சதையும் செஞ்சிட்டு அதை வேறே தொடாதே என்றேன்.

இதையும் நீயே எழுது என்றேன். எழுதுகிறாள். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே என் அம்பது வருசப் பேரைத் தெருவில் போட்டவள் இவள். அதையும் எழுது.

6-2-1961, திங்கள்

சோறு வைத்தாள். மாமா என்று கூப்பிடவில்லை.

8-2-1961, புதன்

தப்பான காரியம் ஒன்று செய்தேன். நான் சொல்கிறதைத்தான் இவள் எழுதுகிறாளா என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுத்துத் தெரியாதவனுக்கு வேறே என்ன வழி? நோட்டைத் துண்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு தபால்காரர் ராமரிடம் போனேன். வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் படித்தார். ஒரு சொல் மாறவில்லை. அவள்மேல் நான் போட்ட பழியும் அப்படியே இருந்தது, சோற்றைச் சொல்லிக் காட்டினதும் இருந்தது. ராமர் அந்த இடத்தில் குரலை இறக்கிப் படித்தார். நோட்டை மூடிக் கொடுத்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு பாய்" என்றார். 

இதைச் சொல்லும்போது அஜீஸுவுக்குத் தெரிந்துவிட்டது. பேனா செத்த நேரம் நின்றது. அப்புறம் எழுதினாள்.

இவள் இல்லை என்றால் யார்? நான்தான் எங்காவது உளறிவிட்டேனா? எனக்கா மறக்கும்?

18-3-1961, சனி

நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்து கையூம் என்னைக் கட்டிப் பிடித்தான். "மனசை விடாதே பரீது, ஊர் நாலு பேசும், அடங்கிரும்" என்றான். அவன் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். இந்த ஊரில் ஆறுதல் சொன்னவன் அவன் ஒருத்தன்தான்.

வீடுகளிலிருந்து கூப்பிடுவது நின்றுவிட்டது. லாட்ஜ் மெத்தைகள்தான் வருகின்றன. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

20-4-1961, வியாழன்

இதை மெதுவாகச் சொல்கிறேன், நிதானமாக எழுது என்று அஜீஸுவிடம் சொல்லியிருக்கிறேன்.

சங்கத்தில் ஒருத்தர் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்ணுக்குப் பஞ்சுப் போர்வையை நாங்களே தைத்துக் கொடுப்போம். மூத்தவர்கள் நாலு பேர் நாலு பக்கம் உட்காருவோம். ஆளுக்கொரு பக்கம் தைத்துக்கொண்டே போய், அவரவர் மூலையில் அவரவர் முடிச்சு. முதலில் முடிக்கிறவன் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றவனுக்காகக் காத்திருப்பான். முந்துவது மரியாதை இல்லை. நாலு முடிச்சும் விழுந்த பிறகுதான் பேரீச்சம்பழம். எவனாவது முடிச்சுப் போடாமல் எழுந்தால், இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் எனக்குத் தீங்கு செய்தான் என்று அர்த்தம். செய்தவன் தானாக வாய் திறக்க வேண்டும். அதுவரைக்கும் போர்வையை மடிக்கக் கூடாது. என் காலத்தில் ஒரே ஒருதடவை அப்படி நடந்தது. ஊசிப்பெட்டி திருடினவன் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டான்.

இன்றைக்குக் கையூம் பேத்தி காதர் பீவிக்குப் போர்வை. நாலு பேரில் நான் ஒருத்தன், கையூம் எனக்கு எதிரே. பாதி தைத்திருப்போம். சங்கத்து அழகர் நூல் கோத்துக்கொண்டே, "மாப்பிள்ளை யாரு வீடு அண்ணே?" என்று கேட்டார். கையூம் ஒரு பேரைச் சொன்னான். சொன்ன வேகத்தில், இன்னும் நூல் கொண்டுவா என்று உள்பக்கம் குரல் கொடுத்தான்.

அந்தப் பேரை எழுத வேண்டாம். எழுதினால் கல்யாணம் நின்றுபோன வீடும் தெரிந்துவிடும். அதே மாப்பிள்ளை. அந்தப் பெண்ணுக்குப் பேசி நின்றுபோனவன்.

குடை நுனி ஞாபகம் வந்தது. மூலையைப் புரட்டியது ஞாபகம் வந்தது. அந்த முடிச்சு அவனுடையது என்று முதல் நாளே பார்த்தவன் நான். எனக்கு அவன் முடிச்சு தெரிந்தால் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? முடிச்சும் துணியும் சேர்ந்தால் எந்தக் கல்யாணத்துக்குத் தைத்தது என்று தெரிந்துவிடும், வீட்டுப் பேரை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அம்புட்டும் தலையில் இருந்தது. அவன்மேல் மட்டும் நினைப்பு போகவில்லை. வீட்டுக்குள் இருக்கிறவள்மேல் போனது.

என் பக்கத்தை முழுக்கத் தைத்தேன். காதர் பீவி ஒரு பாவமும் செய்யவில்லை, அவளுக்குக் குளிரக் கூடாது. மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

 அழகர்தான், "பரீது பாய், யாருன்னு சொல்லிருங்க" என்றார். நான் சொல்லக் கூடாதுய்யா, செஞ்சவன்தான் சொல்லணும் என்றேன்.

கையூம் போர்வையைப் பார்த்தபடியே பேசினான். "என் முடிச்சை எனக்குத் தெரியாதாலே? நெருப்புல கெடந்தாலும் தெரியும். நான் ஒண்ணும் பொய் சொல்லலே. சீக்குப் பொண்ணை மறைச்சுக் கட்டிவைக்கிறது மட்டும் நியாயமா?"

"நியாயம்னு நெனச்சிருந்தா சொல்லிட்டு ஒதுங்கியிருப்பே. அந்த எடத்துல உன் பேத்தியைக் கொண்டாந்து உக்கார வச்சியே. பெருநாளைக்கு என்னை வேறே கட்டிப் பிடிச்சே."

அவன் என் மூலையில் குத்தி நின்ற ஊசியைப் பார்த்தான்.

சட்டப்படி சங்கம் பேசியிருக்க வேண்டும். அழகர் நகத்தைப் பார்த்தார். இன்னொருத்தர், தலைவர் வீட்டு விசேசம், இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம் என்றார். கையூம் குனிந்து கையை நீட்டி, நான் விட்ட மூலையில் அவனே முடிச்சுப் போட்டான். மூன்று சுற்று, அடியில் மடக்கு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு வந்தது. எல்லாரும் பழம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை.

வருகிற வழியில் ஒரு கேள்வி. அந்த மாப்பிள்ளை என் பேரனாக இருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? தெரியலே. ஆனால் போய்ச் சொல்லியிருந்தால், நான்தான் சொன்னேன் என்றும் சொல்லியிருப்பேன்.

21-4-1961, வெள்ளி

அஜீஸுவிடம், பிப்ரவரி ஐந்தாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடு, தப்பு என்மேல்தான் என்றேன். "கிழிச்சா, நீங்க சொன்னதை நான் எழுதலைன்னு ஆயிரும்" என்றாள். பக்கம் இருக்கிறது.

28-4-1961, வெள்ளி

பள்ளிவாசலில் கையூம் சலாம் சொன்னான். பதில் சொன்னேன். பதில் சொல்வது கடமை, அவ்வளவுதான். அவன் பக்கத்தில் நிற்கவில்லை.

30-7-1961, ஞாயிறு

திரும்பி வந்த மெத்தையை மொட்டை மாடியில் காயப் போட்டேன். மாசம் ஒருதடவை போடுகிறேன். இலவம்பஞ்சுக்கு வெயில் காட்டாவிட்டால் கட்டி கட்டியாகிவிடும். விற்றுவிடுங்களேன் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அது இன்னொருத்தர் மெத்தை. நான் யார் விற்க?

அந்தப் பெண்ணை மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். ராமர் சொன்னார். யாரும் கேட்காமல்தான் சொன்னார்.

10-9-1962, திங்கள்

ஒரு வருசமாக நோட்டைத் தொடவில்லை. லாட்ஜ் மெத்தையில் சொல்ல என்ன இருக்கிறது?

காலையில் அந்த வேலைக்காரம்மா வந்தது. வண்டியும் வந்தது. "அந்த மெத்தை இருக்கா பாய்? இல்ல, குடுத்துட்டீகளா?" இருக்கிறது என்றேன். மாடியிலிருந்து நானே இறக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, யாரையும் தொட விடவில்லை. நீங்களும் வரணுமாம் என்றது வேலைக்காரம்மா. வண்டியோடு நடந்தேன்.

அந்தத் தெருப்பக்கம் வராதே என்று சொல்லிப் பத்தொன்பது மாசம் ஏழு நாள். வீட்டம்மா கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்திருந்தார். அந்தப் பெண் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முகத்தில் சதை பிடித்திருக்கிறது. ஊசி முழுக்கப் போட்டு முடித்து, இனி பயமில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கயிற்றை அவிழ்த்துக் கட்டிலில் விரித்தேன். நேற்றுத் தைத்தது மாதிரி பொங்கிக்கொண்டு எழுந்தது.

அந்த அம்மா சொன்னார்: "ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்ச வாரம் உங்க மருமக வந்துச்சு. அந்த நோட்டைக் கொண்டாந்து முதல் பக்கத்துல இருந்து படிச்சுக் காட்டுச்சு. எங்க வீட்டுப் பேரு எங்கயாவது வரும், வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன் பாய். கடைசி வரைக்கும் வரலே."

எனக்கு இது தெரியாது. அஜீஸு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள்மேல் நான் போட்ட பழியையும் அந்த அம்மா முன்னால் அவள் வாயாலேயே படித்திருக்கிறாள்.

சாயங்காலம் நோட்டை எடுக்கச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் இம்புட்டையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"இப்பவாச்சும் வீட்டுப் பேரைப் போடட்டுமா மாமா?"

வேண்டாம் என்றேன்.