சீட்டில் எழுதிய அளவு

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. இரண்டே வண்டிகள். பட்டறைத் தரையை இரண்டு முறை கூட்டினேன்.

அண்ணி லேத்தில் நின்று இரும்பைக் கடையும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிரேக் டிஸ்க் சுழலும், அண்ணியின் தலை ஒரு பக்கமாகச் சாயும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். எனக்கு எல்லாம் ஒரே கிரீச்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். அளப்பவர் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். லேத்திலிருந்து அண்ணி அதைத் திருப்பிச் சொல்வார். அப்புறம்தான் அண்ணன் பலகையில் எழுதுவான். நான் மட்டும் சீட்டில் எழுதி லேத் மூடியில் காந்தத்தை வைத்து ஒட்டிவிடுவேன். “நம்ம வாயில்லாப் பூச்சி தந்தி அடிச்சிருக்கு பாரு” என்பான் அண்ணன். அண்ணி சீட்டைப் பார்த்தே கடைந்துவிடுவார்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலும் இப்படித்தான். குரல் வராது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வந்தார். வண்டி நிற்பதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. “ரெண்டு பிரேக் மிதி வச்ச வண்டிம்மா. ஒண்ணு படிக்கிறவங்களுக்கு, ஒண்ணு என் உசுருக்கு!”

மிதித்தால் கால் அதிர்கிறதாம். வெள்ளிக்கிழமை அவருடைய ஆட்கள் ஏழு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “புதுசு போட்டுடுங்க மாஸ்டர்” என்றான்.

“கடைஞ்சு குடுத்தா போதாதா? நல்லாத்தானே இருக்கு, வழவழன்னு.”

“வழவழன்னு தேஞ்சிருக்கிறதுதான் தொந்தரவே.”

அண்ணி கையைத் துடைத்தபடி வந்தார். “நீங்களும் சொல்ல வேணாம், இவரும் சொல்ல வேணாம். அளவு சொல்லட்டும்.”

டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருக்கிறது: இருபது மில்லிமீட்டர். அதற்குக் கீழே மெலிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதிர்வு போக வேண்டுமானால் முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே சீவ வேண்டும். அதைச் சீவிய பிறகும் இருபது மிஞ்ச வேண்டும்.

கவ்வி அளக்கும் வெர்னியரை வைத்து அளந்தேன். இரண்டு டிஸ்க்கும் 21.8. சீட்டு, காந்தம்.

அண்ணி சீட்டைப் பார்த்து, “அப்ப தாராளமா கடையலாம்” என்றார்.

“பாத்தீங்களா!” என்று மாஸ்டர் அண்ணனைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

விரலில் கீறல். எழுத்து கோணல்.

மதியத்துக்குள் கடைந்து மாட்டியாகிவிட்டது. மாஸ்டர் வண்டியை எடுக்க வந்திருந்தார். நான் பழைய இரும்புக் குவியலை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தேய்ந்த டிஸ்க்கைத் தூக்கும்போது அதன் ஓரம் விரலைக் கீறியது. பிரேக் பேட் படும் இடம்தான் தேயும், படாத ஓரம் வரப்பு மாதிரி அப்படியே நிற்கும். அந்த வரப்பு.

வெர்னியரின் வாயை நேற்று எங்கே வைத்தேன்? ஓரத்தில். அந்த வரப்பின் மேலேயே.

குவியலில் இருந்ததை இரண்டு இடத்திலும் அளந்து பார்த்தேன். ஓரத்துக்கும் உள்பக்கத்துக்கும் 1.2 மில்லிமீட்டர் வித்தியாசம். அப்படியானால் மாஸ்டரின் டிஸ்க் கடைவதற்கு முன்பே 20.6 தான் இருந்திருக்கும். இப்போது இருபதுக்குக் கீழே.

வண்டி கிளம்புகிற சத்தம்.

“நிறுத்துங்க” — ஒரே ஒரு வார்த்தை. வரவே இல்லை. குரல் வராததால் கால் முந்திக்கொண்டது. ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று பானெட்டில் இரண்டு கையையும் ஊன்றினேன். மாஸ்டர் பிரேக்கை ஒரே மிதி.

“அம்மாடி! டெஸ்ட்டு நாளைக்குத்தானே, இன்னைக்கே எனக்கு வைக்கிறியா?”

“கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?” என்று அண்ணன் கத்தினான்.

அண்ணி லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். எப்போதும் என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவருவார். இன்று வரவில்லை. பத்தடி தள்ளியே நின்றார்.

“என்ன?”

சொன்னேன்.

“கேக்கல.”

“ஓரத்துல வச்சு அளந்துட்டேன் அண்ணி! வரப்பு மேல வச்சு அளந்துட்டேன்!”

தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் என்னுடையதா?

அண்ணி திட்டவில்லை. சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, தானே மைக்ரோமீட்டரால் அளந்தார். இடது 19.8. வலது 19.7. மாஸ்டரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினார். எவ்வளவு சுலபமாக மறைத்திருக்கலாம்!

“முடி கனம் குறைஞ்சிருக்கு. இதுக்குப் போயா?” என்றார் மாஸ்டர்.

“மெலிஞ்ச டிஸ்க்கு சூடு தாங்காது. நாளைக்கு ஏழு பேரு மாத்தி மாத்தி மிதிப்பாங்க. உங்க உசுருக்கு வச்ச பிரேக்கும் இதே டிஸ்க்கைத்தான் மாஸ்டர் புடிக்குது.”

மாஸ்டர் வண்டிச் சாவியை அண்ணியிடம் நீட்டினார்.

“தப்பு என் மேல” என்றார் அண்ணி. “அந்த வரப்பைச் சீவினதே நான்தான், அப்பவாவது உறைச்சிருக்கணும். கடைஞ்சதும் அளந்திருக்கணும், அதையும் விட்டுட்டேன். காலைல எட்டு மணிக்குப் புது டிஸ்க்கோட வண்டி உங்க வாசல்ல நிக்கும்.”

என் பெயரையே எடுக்கவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் விரலை நீட்டியிருப்பேன். அண்ணியைப் போல ஒரே ஒரு நாளாவது இருக்க முடியுமா?

அண்ணன் முனகிக்கொண்டே டிஸ்க் வாங்கப் போனான். அப்புறம், கை கழுவும்போது அண்ணி சொன்னார்: “நீ சத்தமா சொல்லியிருந்தா, ‘இவ்வளவு தேஞ்சதுல அவ்வளவு எப்படி வரும், எங்க வச்சு அளந்தே’ன்னு நேத்தே கேட்டிருப்பேன். சீட்டுகிட்ட நான் என்னன்னு கேக்கிறது?”

அவ்வளவுதான். சோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஏழே முக்காலுக்கே வண்டி போய்விட்டது.

செப்டம்பர் 13, சனி

ஆறு பேர் பாஸ். ஒருவர் பெயில், பிரேக் போடவே மறந்துவிட்டாராம். “அவ்வளவு நல்ல பிரேக்கு, வீணாப் போச்சு!” என்று மாஸ்டர் வாசலில் நின்று சிரித்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, “நான் கிளம்பலாமா தாயி?” என்றார்.

செப்டம்பர் 27, சனி

ஆறு வண்டிகள், பன்னிரண்டு டிஸ்க். லேத் மூடியில் காந்தம் மட்டும் ஒட்டியிருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டது. அண்ணி வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.