தவிசாளருக்கு நண்டுக்கறி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் உறைமழை. வாசல்படிக்கு உப்புப் போட்டும் வழுக்கல். இடுப்புப் பிடிப்பு இன்னும் விடவில்லை.

இவர் வேலையால் வந்த கையோடு செய்தி. எங்கள் தீவின் பிரதேச சபைத் தவிசாளர் கனடா வந்திருக்கிறாராம். மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் மகள் வீட்டில் நிற்கிறார். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு எங்கள் வீட்டில். இங்குள்ள ஊர் ஒன்றியச் செயலாளர் வீட்டில் கை நனைக்காமல் போனால் குறையாம். செயலாளர் இவர். சமைப்பது நான். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியும்.

இனி இந்தக் கொப்பியில் அவர் த. தவிசாளர் என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை உளைகிறது, மனமும்தான்.

த. கட்டுவித்த இறங்குதுறை ஒரு மாரிக்குத் தாங்கவில்லை. படி உடைந்து கடலுக்குள். ஒப்பந்தம் த.வின் மச்சானுக்கு. கடல் மணலில் குழைத்த சீமெந்து என்பது தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திறந்துவைத்தபோது நட்ட பெயர்க்கல் மட்டும் இன்றுவரை அசையவில்லை. அதற்கு நல்ல மணல் போட்டிருப்பார்கள்.

தம்பி ரவிக்கு அந்தத் துறையில்தான் வேலை. வருகிற படகுக்குக் கயிறு பிடிப்பது, சபைச் சம்பளம். படி எங்கே என்று கேட்டான், வேலை போயிற்று. அன்று முதல் தினமும் காலை, முதல் படகு நேரம், பழைய வள்ளத்துப் பலகை ஒன்றில் "படி எங்கே?" என்று பெயின்றால் எழுதித் தோளில் சாத்திக்கொண்டு நிற்கிறான். தனியாக. பாரமான பலகை. தோள் காய்த்துப்போச்சு என்று சிரிக்கிறான். மூன்று பிள்ளைகள். மனைவியின் தையலில்தான் அடுப்பு எரிகிறது.

அவனை அப்படி நிற்க வைத்தவருக்கு நான் சோறு போட வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

வெயில், ஆனால் பொய் வெயில். காது விறைத்தது.

நான் பிள்ளை பார்க்கும் கார்டெரியில், அதுதான் பகல் காப்பகத்தில், பின்பக்க மரப்படி ஒன்று ஆடியது. காலையில் ஒரு தாய் முறையிட்டார். பிள்ளைகள் மத்தியானம் தூங்கமுன் ஒருவர் வந்து சரிபண்ணிவிட்டுப் போனார். பிள்ளைகள் "மெர்சி" என்று நன்றி சொல்லிக் கத்தினார்கள். நான் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். ஒரு படிக்கு அழுகிற பொம்பிளை மொன்றியலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கூட வேலை செய்யும் நாடியா சொல்கிறாள், இங்கேயும் சீமெந்தில் காசு தின்றவர்கள் உண்டாம். இருக்கும். ஆனால் படி இருக்கிறதே.

ரவி இன்றைய படம் அனுப்பினான். ஊர்க்காரரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். வரிசையாகக் கும்பிடு கைகள். ஒரு சொல் இல்லை. பிறகு ஒருவர் ரோசாப்பூப் போட்டுக் காலை வணக்கம். பிறகு ஒருவர் காரின் குளிர்கால ரயரை எப்போது கழற்றலாம் என்று கேட்டார். அதற்கு எல்லோருக்கும் வாய் திறந்தது.

இவர்களைச் சொல்லி என்ன. அந்தப் படியில் விழுந்து கால் முறிந்தவர் ஒரு ரீச்சர். அவருடைய கணவர் தினமும் ரவியைத் தாண்டித்தான் படகு ஏறுகிறார், தலையைக் குனிந்தபடி. மகனுக்குச் சபையில் வேலை கேட்டிருக்கிறாராம். யாரைத் திட்டுவது? அலுத்துவிட்டது.

வாங்க: நண்டு (உறையவைத்தது வேண்டாம்), முருங்கையிலை, தேங்காய்ப்பால், இஞ்சி, அப்பளம். இவருக்கு இருமல் மருந்து.

மார்ச் 7, சனி

நண்டு துப்பரவாக்கி முடிய விரலெல்லாம் கீறல். வீடு முழுக்க வெடுக்கு. யன்னல் திறந்தால் குளிர், திறக்காவிட்டால் மணம்.

இவர் குசினி வாசலில் நின்று புத்தி சொன்னார்.

"நீர் சாப்பாட்டைப் போடும். துறைக் கதையை எடுக்காதையும். வீடு தேடி வாற மனிசன்."

குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த மகள் அபி திரும்பினாள். பதினைந்து வயது. தமிழில் வாய் திறப்பதே அபூர்வம்.

"மாமாவை வேலையால நிப்பாட்டினது அவர்தானே? பேந்து ஏன் நண்டு?"

இவர் இருமினார். நான் உப்புப் பார்த்தேன். அவள் பிரெஞ்சில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

முடிவெடுத்துவிட்டேன். கேட்பேன். நீட்டி முழக்காமல் ஒரே ஒரு கேள்வி. எல்லோரும் இருந்த பிறகு, எல்லோருக்கும் கேட்க. "அண்ணை, அந்தப் படி ஏன் உடைஞ்சது?" குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். வெங்காயம் வெட்டும்போதும். குரல் நடுங்கவில்லை.

இங்கே கோடை நேரம் தொடங்குகிறது, மணிக்கூட்டை இன்றிரவு ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும். மறக்கக் கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே விருப்பமில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

த. நான் நினைத்ததுபோல் பெரிய ஆள் இல்லை. மெலிந்த மனிதர். மருமகனின் குளிர்ச்சட்டை, கை நீளம் கூடிப்போய் விரல் மட்டும் தெரிந்தது. சீனி வருத்தமாம், சாப்பிட முன் மாத்திரை. சுவாமிப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் கதிரையில் இருந்தார். ஒன்றியக்காரர் நாலைந்து பேர், ஆளுக்கொரு ஃபோனில் படம். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

நண்டை ருசித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறை கறி கொண்டுபோனேன். சட்டியோடு பக்கத்தில் நிற்கிறேன். கேள்வி நாக்கு நுனியில். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, ரவி உங்கட தம்பிதானே? பிடிவாதக்காரப் பெடியன். ஒருக்கா வந்து என்னைச் சந்திக்கச் சொல்லுங்கோ. நான் பாத்துச் செய்யிறன்."

இவர் என்னையே பார்த்தார்.

"ஓம் அண்ணை. பெரிய உபகாரம்."

சொன்னது நான்தான். ஒருவரும் கழுத்தைப் பிடித்துச் சொல்லவைக்கவில்லை. சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்த ஆறுதலை நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. பெரிய நண்டாகப் பார்த்து இன்னொன்று அவர் தட்டில் வைத்தேன்.

போகும்போது மிச்சக் கறியை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தும் விட்டேன். காரில் ஊற்றுப்படாமல் மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

அபி அறையை விட்டு வரவில்லை. பீட்சா எடுப்பித்துச் சாப்பிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

வேலைக்குப் போகமுன் ரவிக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே பின்னேரம். த. சொன்னதைச் சொன்னேன்.

"அக்கா, நான் படியைத்தான் கேட்டனான். வேலையைக் கேக்கேல்லை."

பிள்ளைகளை நினை என்றேன். வீம்பு சோறு போடாது என்றேன். ஊர் திருந்தாது, நீ ஏன் கிடந்து காய்கிறாய் என்றேன். இத்தனை மாதமும் ஊர் அவனுக்குச் சொன்னதில் ஒன்றுகூட விடாமல் நான் சொன்னேன். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

பஸ்ஸில் என் இடம் தாண்டிப் போய், திரும்பி நடந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி பனி. தெருவில் காரை எடுக்கச் சொல்லிப் பனி அள்ளும் வண்டி ஊளையிட்டுக்கொண்டு போகிறது.

த.வின் முகநூலில் படம். அவர் நடுவில், பக்கத்தில் நான், கையில் சட்டி. "மொன்றியல் உறவுகளின் அன்பு விருந்து." நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அப்படிச் சிரித்த ஞாபகமே இல்லை. ஊர்க் குழுவிலும் யாரோ போட்டிருந்தார்கள். இதற்குக் கும்பிடு கை இல்லை, இதயம், பூ, "அருமை அக்கா".

ரவி தானாகவே எடுத்தான். கோபமில்லை. கோபித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"இவ்வளவு நாளும் பலகையைத் திரும்பிப் பாக்காத சனம், இண்டைக்கு என்னட்ட நிண்டு கதைச்சவை அக்கா. உங்கட படத்தைக் காட்ட."

இரவுச் சாப்பாடு பாணும் பட்டரும். சமைக்க மனமில்லை.

மார்ச் 12, வியாழன்

லவாலிலிருந்து இவரிடம் டப்பா திரும்பி வந்தது. வெறும் டப்பா திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லையே. உள்ளே பயற்றம் உருண்டை, த.வின் மகள் செய்தது. இவர் நின்ற நிலையில் இரண்டு. நானும் ஒன்று சாப்பிட்டேன். நல்ல உருண்டை, என்ன செய்ய.

கூடவே செய்தி. ரவிக்குத் திங்கள் முதல் வேலை. த. இங்கிருந்தே சபைக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டாராம். ஒரே ஒரு ஃபோன். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தீரா, கதைக்கிற விதத்தில் கதைத்தால் காரியம் நடக்கும் என்றார்.

ரவிக்கு எடுத்தேன். சபையிலிருந்து ஆள் வந்து சொன்னதாம். ஓம், போறன் அக்கா என்றான். நான் கேட்டதுதான். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். போறன் என்றான். சின்னவளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்றான்.

பலகையை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"உடைஞ்ச இடத்துக்குக் குறுக்கால போட்டிட்டன். அளவு சரியா இருந்தது. சனம் மிதிச்சு ஏறுது."

எழுத்தைக் கீழ்ப்பக்கமாகவா வைத்தாய் என்றேன்.

"இல்லை, மேலதான். ஆர் வாசிக்கினம்?"