கேஸா, காற்றா

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் மறுபடியும் அதே கதை. குளிர் கூடியதும், துப்பாக்கியில் திருகி மாட்டும் கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டரில் அழுத்தம் படுத்துவிட்டது. சாயக் குண்டு துப்பாக்கியை விட்டுப் பத்தடி போய்ப் பொத்தென்று விழுந்தது. விளையாட வந்தவர்கள் சிரித்தார்கள். இந்தப் பெயிண்ட்பால் மைதானத்துக்கு அண்ணன் முதலாளி. துப்பாக்கி, சிலிண்டர், வசவு மூன்றுக்கும் நான் பொறுப்பு. இனி கேஸ் வேண்டாம், அழுத்தக் காற்றுக்கு மாறுவோம் என்றேன். "இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்படாத" என்றான்.

பிப்ரவரி 6, வெள்ளி

கடையில் இரண்டு வகைக் காற்று சிலிண்டரையும் தூக்கிப் பார்த்தேன். கார்பன் நார் சுற்றியது கையில் இருப்பதே தெரியவில்லை; காற்றும் அதிகம் பிடிக்கும். ஆனால் நார் ஆழமாகக் கீறிவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். நம்மிடம் வருகிறவர்கள் அதைக் கல்லில் உருட்டுவார்கள். அலுமினியம் கனம், ஆனால் அடி தாங்கும். அலுமினியம்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒரு வாரம் நச்சரித்ததற்குப் பலன். "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டான். ஜெயித்துவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பழைய சிலிண்டர்களை வேறொரு மைதானத்துக்காரர் எடுத்துக்கொள்கிறாராம். பார்வையாக இருக்கட்டும் என்று பதினெட்டையும் தின்னர் போட்டுத் துடைத்தேன். சாயக் கறை, பழைய ஸ்டிக்கர், வால்வுக்கும் சிலிண்டர் கழுத்துக்கும் குறுக்கே நான் போட்டுவைத்த நெயில் பாலிஷ் கோடு, எல்லாம் போயிற்று.

அந்தக் கோடு கழற்றும்போது பார்ப்பதற்கு; பாதுகாப்பு விதியும் அதைக் கேட்கிறது. சிலிண்டரும் வால்வும் சேர்ந்தே சுற்றினால் கோடு நேராக இருக்கும். கோடு முறிந்தால், வால்வு துப்பாக்கியிலேயே நிற்க சிலிண்டர் மட்டும் தனியாகக் கழன்று வருகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும். இனி அது வாங்குகிறவர் பாடு, அவரே போட்டுக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

காற்று அடைக்கும் கம்ப்ரசர் இன்னும் வந்தபாடில்லை. நாளை நாற்பது பேர் வருகிறார்கள். வேறு வழியில்லாமல் பழசிலேயே கேஸ் நிரப்பினேன், ஒவ்வொன்றாக எடை போட்டு, கொஞ்சமும் கூடாமல். கோடு போடலாம் என்று பார்த்தால் நெயில் பாலிஷ் காய்ந்து கிடக்கிறது. போகட்டும். ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பானேன்.

பிப்ரவரி 21, சனி

ஆஸ்பத்திரி வராந்தா. அண்ணன். கண் —

பிப்ரவரி 22, ஞாயிறு

கொட்டகையில் என் எதிரிலேயே நடந்தது. துப்பாக்கியிலிருந்து சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு சத்தம், வெள்ளைப் புகை. வால்வு துப்பாக்கியிலேயே நின்றுவிட்டது. சிலிண்டர் அவன் முகத்தில் அடித்து, கூரைத் தகரத்தையும் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

குனிஞ்சு பாத்துக்கிட்டுத்தான் இருந்தான். முகத்தக் கிட்ட வெச்சு. கோட்டத்தானே தேடியிருப்பான். குனிஞ்சு பாத்துக் கழட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னது யாரு? நான்தானே. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

இடது கண் போய்விட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர்.

மார்ச் 5, வியாழன்

பாதுகாப்பு அதிகாரி வார்டுக்கே வந்தார். மீதி பதினேழு சிலிண்டரையும் பார்த்துவிட்டாராம். "ஒண்ணுலயும் கோடு இல்லையே, யாரு அழிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அண்ணன் கையை நீட்டி அவரிடமிருந்து பேனாவை வாங்கி எழுதினான்: நான்தான்.

அவர் போன பிறகு "ஏண்ணா?" என்றேன். அதே தாளின் பின்பக்கம் எழுதினான்: ஒருத்தராவது மைதானத்தை நடத்தணும்ல.

ஓடிப்போய் அதிகாரியை நிறுத்தியிருக்கலாம். லிஃப்டுக்காக வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். வார்டுக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். "இத்தன வருஷமா செய்யற வேல. அந்த அறிவுகூடவா இல்ல இந்த மனுஷனுக்கு? ஏதாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நீ."

இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்கிறது. "காபி போடவா அண்ணி?" என்று கேட்டேன்.

மார்ச் 12, வியாழன்

அண்ணி அவனோடு பேசுவதில்லை. கஞ்சியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறான் — வேண்டாம் என்று. எதை வேண்டாம் என்கிறான்? சொல்வதையா, அழுவதையா? நான் எனக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

கம்ப்ரசரும் காற்று சிலிண்டர்களும் வந்து சேர்ந்தன. விடியற்காலைக் குளிரில் சுட்டுப் பார்த்தேன். அழுத்தம் அசையவில்லை, குறி தப்பவில்லை. நான் சொன்னதுதான் சரி. எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

அண்ணன் பேரிலிருந்த மைதான உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். இனி அவன் சிலிண்டரைத் தொடவே கூடாதாம்.

ஏப்ரல் 8, புதன்

என் பேருக்குப் புது உரிமம் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணனும் கூட வந்திருந்தான்; மைதானத்தை என் பேருக்கு மாற்ற அவன் கையெழுத்தும் வேண்டியிருந்தது. நான் போட வேண்டிய இடத்தை அவனே விரலால் காட்டினான். போட்டேன்.

அதிகாரி தாள்களை அடுக்கிக்கொண்டே, "பழைய ஓனர் பண்ண தப்ப நீங்க பண்ண மாட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

பண்ண மாட்டேன் என்றேன்.