உமிக்கரி மிதந்த குளம்

குருவிநத்தம்
12.3.1974

அன்புள்ள தாஜ் நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? காரைக்காலில் வெயில் எப்படி?

இங்கே ஒரு சின்ன சங்கதி, பயப்படாதே. நம் ரைஸ் மில்லுக்கு வந்த டீசல் பேரல் வண்டியிலிருந்து உருண்டு குளத்தில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு இன்பமேரி மாட்டோடு மில் வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னா பாய் இது? மாடு மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்குது!" குளத்தை இறைத்துவிடலாம் என்றார் மில் முதலாளி. கோடையில் இறைத்தால் மாடுகள் எங்கே போகும்? தண்ணீர் தெளியும்வரை மில்லை ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் உமியை அப்படியே கொட்டினேன். தண்ணீரில் ஊறி மூழ்கிப்போனது. மறுநாள் பல் தேய்த்துக் கை கழுவும்போது, நீ கொடுத்தனுப்பிய உமிக்கரி வாளியில் மிதந்தது. டப்பாவோடு போய்க் குளத்தில் தூவினேன். எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மிதந்தது! பிறகு மில் உமியைக் குவித்துக் கொளுத்தி, சாம்பலாகும் முன்பே அணைத்துக் கரியாக்கினோம். தூவுவதும் வேட்டியால் அரித்து எடுப்பதுமாக ஒரு வாரம் விடவில்லை. இன்று இன்பமேரியின் மாடு வயிறு முட்டக் குடித்தது.

கையில் லேசான கொப்புளம், அதனால்தான் எழுத்து கோணல். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், இதை அவரிடமே கொடுக்க வேண்டும்.

உமிக்கரி ஒரு டப்பா அனுப்பு. இங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இருந்தாலும் நீ இடித்ததை அனுப்பு.

உன்
காஜா மொய்தீன்