பூசையில் வைத்த சோடியம்

1962 அக்டோபர் 5, வெள்ளி
புழுக்கம். பாகூர் ஏரியில் தண்ணீர் கால்வாசிதான். மூக்குக்கண்ணாடிக் காம்பு ஒட்ட வேண்டும்.

மதியப் பஸ்ஸில் பொட்டலம். ஈயக் குடுவைக்குள் கதிரியக்க சோடியம், கல்கத்தா சைக்ளோட்ரான் ஆய்வுக்கூடத்தில் நேற்றுச் செய்தது. பாரீஸில் எனக்குக் குடுவை கழுவித் தந்தவன் இன்று அங்கே தலைவன். 'அன்புடன்' என்று எழுதியிருக்கிறான். இருக்கட்டும்.

நாளை பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். நான் பாரீஸிலிருந்து சுமந்து வந்த, கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கருவி அவர் எதிரில் படபடக்க வேண்டும். படபடத்தால் இரண்டு மாணவர்களுக்குக் கல்கத்தாவில் பயிற்சி. அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே தங்கிக் கற்பிக்க நான். வெளியேற வேறு வழி இல்லை. என் பிரெஞ்சுப் பட்டத்தை, பிரெஞ்சுக்காரர் போனபின் வந்த புதிய சர்க்கார் பட்டமாகவே எண்ணவில்லை.

சரக்கோ பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும்.

மாலை. ஆய்வு அறைக்குப் பூட்டு. தலைமையாசிரியர் தராசு, கருவி, குடுவை எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டார்.

"இன்னா முசியே, மூஞ்சி இப்படிப் போவுது? கல்கத்தா சாமானாச்சேன்னு நடுவுல வெச்சேன்."

"நாளைக்கு அது வேணும்."

"பூசையில வெச்சத எடுக்கலாமா? உங்க பாரீசுல எடுப்பாங்க."

6, சனி
இன்ஸ்பெக்டர் வந்தார். ஜன்னல் வழியே படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "செவ்வாக்கெழம வரேன்."

சாவி த.ஆ. இடுப்பில். பூட்டை உடைக்க ஒரு கல் போதும். உடைக்கவில்லை.

7, ஞாயிறு
சுண்டல். வயிறு சரியில்லை. ஜன்னலில் போய்ப் பார்த்தேன். குடுவை மேல் சாமந்தி. உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது.

9, செவ்வாய்
கருவியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிப்பு. வெறும் மேசையில் வைத்தாலும் அவ்வளவு வரும். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். த.ஆ. என்னைப் பார்த்தார்.

சுலைமான் எழுந்தான். கடைவீதி ஜவுளிக்காரர் மகன். "செத்துப்போச்சு சார். என்னிக்கு எவ்ளோ செத்துச்சுன்னு போட்டுக் காட்றேன்." பலகையில் வளைகோடு. வெள்ளியில் உயரம், இன்று தரையோடு. "இப்ப இது நெறைய அடிச்சாதான் சார், நாங்க படிச்சது தப்பு."

இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம். சுலைமானும், மணப்பட்டு மீன்காரர் மகன் கோவிந்தனும் தேர்வு.

"நான்?"

"உங்க சர்ட்டிபிகேட் சமாச்சாரம் இன்னும் முடிவாகல. தவிர, இப்படிச் சொல்லித் தர்ற ஆளு போயிட்டா இங்க யாரு?"

த.ஆ. வேகமாகத் தலையாட்டினார்.

15, திங்கள்
தூறல். பஸ் ஸ்டாண்டு. சுலைமானின் அத்தா ஒரு டின் முறுக்கோடு. கோவிந்தன் வீட்டில் கருவாடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பஸ் முழுக்க வாசனை. கண்டக்டர், "இன்னாடா, கல்கத்தாவுல மீனு இல்லியா?"

சுலைமான் ஜன்னலில்: "நீங்க எப்ப சார் வருவீங்க?"

"பூசை முடியட்டும்டா."

கோவிந்தன் சிரித்தான். சுலைமான் சிரிக்கவில்லை.

இரண்டாம் பீரியட், எட்டாம் வகுப்பு. நெம்புகோல்.