சந்தன மெஷின்

என் மாரீஸ்வரிக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் எப்படி என்று கேட்கத்தான் ஆசை. கேட்கிற நிலையில் நான் இல்லையடி. உன் அம்மா முகத்தில் விழிக்க முடியாமல், உங்கள் ஊர் விஸ்வநத்தம் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நம் படலத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோமே, தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத, அழுத்தினாலும் சூடு மாறினாலும் துளி மின்சாரம் தரும் அதுதான். பட்டாசு மருந்து சலிக்கும் மேசையில் ஒட்டினால், அழுத்தமோ சூடோ அளவு மீறும்போது மணி அடிக்க வேண்டும்; ஆட்கள் வெளியே ஓடிவிட வேண்டும். உன் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில்தான் முதலில் மாட்ட வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அந்தப் பிடிவாதம் எனக்கு வந்துவிட்டது.

மாட்டியது வெள்ளிக்கிழமை. மருந்து இன்னும் வரவில்லை, வெறும் மேசை. நான் போர்மேனோடு பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா சந்தனத்தைக் குழைத்துப் படலத்தின் மேலேயே அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். பொட்டு வைக்காமல் நம் ஊரில் யார் புது மெஷினின் சுவிட்சைப் போடுவார்கள்? கற்பூரம் ஒன்றுதான் பாக்கி. அதை அங்கே கொளுத்த முடியாது.

கொஞ்ச நேரத்தில் மணி அலறியது. பக்கத்து அறைப் பெண்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அம்மா வாசலில் இடறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்கள். நான் தூக்கிவிடவில்லை மாரீஸ். மேசையில் சந்தனத்தைப் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“யாரக் கேட்டு இதுல கைய வச்சீக? எம்புட்டு நாள் உழைப்பு தெரியுமா?”

“எம் மக செஞ்சதாச்சேன்னு ஒரு பொட்டு வச்சேன் தாயி. தப்புன்னா மன்னிச்சுக்க.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார்கள். நீ அங்கே இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பாயா?

மறுநாள் போர்மேன் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க மேசையைப் பலமாக அழுத்தினார். மணி சரியாகவே அடித்தது. பக்கத்து அறையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “சந்தன மெஷினுக்கு எவளோ பொட்டு வச்சுட்டாடி” என்று ஒருத்தி சொல்ல, அறையே சிரித்தது. நிஜமாக அடிக்கும் நாளிலும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள்?

ஆய்வுக்கூடத்துக்கு வந்து நானே சந்தனம் பூசிப் பார்த்தேன். ஈரம் படலத்தைக் குளிரவைக்கிறது, அதில் கொஞ்சம் மின்சாரம். காயும்போது சுருங்கி அதை வளைக்கிறது, அதில் கொஞ்சம். தனித்தனியாக எதுவும் மணியை எட்டாது. ஆனால் அவ்வளவு மெல்லிசான பொருளில் குளிரும் வளைவும் ஒன்றை ஒன்று சும்மா இருக்க விடுவதில்லை. குளிர்ந்த படலம் சின்ன வளைவுக்கே மணி அடிக்கும் அளவுக்கு எகிறுகிறது.

நீ சூட்டை அளந்தாய், நான் அழுத்தத்தை அளந்தேன். நீ போன பிறகு இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்து, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவே இல்லை. பழியை மட்டும் உன் அம்மாவின் சந்தனத்தில் போட்டேன். நினைத்தாலே கூசுகிறது.

நாளைக் காலையில் கம்பெனிக்குப் போகிறேன். மணி அடித்தது அம்மாவால் இல்லை, என்னால் என்று அதே பெண்கள் முன்னால் சொல்லிவிட்டு, அதைக் கழற்றிக்கொண்டு வருவேன். சூடும் ஈரமும் வளைவும் சேர்ந்து வந்தாலும் ஏமாறாத ஒன்றைச் செய்த பிறகு, முதல் பொட்டு அம்மா கையால்தான். அதற்குப் பிறகு மணி அடித்தால் அறையில் ஒருத்தியும் சிரிக்கக் கூடாது. எல்லோரும் ஓட வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடுவேன்.

உன் அம்மா இன்னமும் ‘தாயி’ என்று கூப்பிடும்,
உன் சேக்காளி
செல்வி